ஐரோப்பியக் கோடை – 6: டிக்கெட் இல்லாத ஏரிக்கரை

போன வாரம் லூசெர்ன் மரப்பாலத்தில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து சூரிச்சுக்கு ரயிலில் முக்கால் மணி நேரப் பயணம். மற்ற சனிக்கிழமைகளில் அந்தப் பெட்டியில் மலையேறக் கிளம்பிய முதியவர்களும் குழந்தை வண்டி தள்ளும் தாய்மார்களும்தான் இருப்பார்களாம். நான் போனது ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை. எதிர் இருக்கையில் முகமெல்லாம் ஜிகினா பூசிய நான்கு பெண்கள், பக்கத்தில் முதுகில் வெள்ளை இறக்கை கட்டிய ஓர் இளைஞன். இறக்கை மடங்காததால் அவன் வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தான். டிக்கெட் பரிசோதகர் எனக்குச் சொன்ன வணக்கத்தையே அவனுக்கும் சொன்னார், அவன் சீட்டைப் பார்த்தார், நகர்ந்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

எல்லோரும் போவது ஒரே இடத்துக்கு. சூரிச்சின் 'ஸ்ட்ரீட் பரேட்'. ஏரியின் கிழக்குக் கரையில் ஊட்டோகே சாலையில் தொடங்கி, பெல்வூ சந்திப்பு, ஏரியும் லிம்மாட் ஆறும் பிரியும் இடத்தில் உள்ள பாலம், பியூர்க்லிபிளாட்ஸ் என்று வளைந்து மேற்குக் கரை வரை சுமார் இரண்டரை கிலோமீட்டர். இந்த வளைவில் முப்பது லாரிகள் போல, ஒவ்வொன்றிலும் ஒலிபெருக்கி அடுக்கும் டீஜேக்களும் ஆடுபவர்களுமாக, மதியத்திலிருந்து நத்தை வேகத்தில் ஊர்ந்து போகின்றன. வழி நெடுக நிலையான மேடைகளும் உண்டு. நள்ளிரவில் எல்லாம் அடங்கும். நகரத்தின் மக்கள்தொகை சுமார் நான்கரை லட்சம். அன்றைக்கு வருகிறவர்கள் அதற்கு இரு மடங்கு. சில ஆண்டுகளில் கூட்டம் பத்து லட்சத்தைத் தொட்டதாக அமைப்பாளர்கள் சொல்கிறார்கள். ஒரு காப்பிக்கு ஐந்து பிராங்குக்கு மேல் வாங்கும் ஊரில் இத்தனை பேருக்கும் அனுமதி இலவசம். வேலி இல்லை, வாசல் இல்லை, கையில் கட்டும் பட்டையும் இல்லை.

நான் தங்கியிருந்தது யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் வீட்டில். 83 கலவரத்துக்குப் பிறகு சுவிட்சர்லாந்துக்கு வந்தவர். அந்தத் தலைமுறை ஈழத்தமிழர்களில் பலரைப் போலவே உணவக அடுக்களைகளில் உழைத்துக் குடும்பத்தை நிமிர்த்தியவர். "நீங்களும் வாங்களேன்" என்று கூப்பிட்டேன்.

"நான் வரேல்லை அண்ணை. நான் அதைப் பின்பக்கத்தாலை இத்தனை வருசமாப் பாத்தனான்" என்றார். ஏரிக்குப் பக்கத்து உணவகம் ஒன்றில் அவருக்கு நெடுநாள் வேலை. "அண்டைக்குக் கண்ணாடிக் கிளாஸ் எல்லாத்தையும் உள்ளுக்கை வைச்சுப் பூட்டிப்போடுவம். வெளியிலை போறதெல்லாம் பிளாஸ்ரிக். அடுக்களைக்குள்ளை பாட்டுக் கேக்காது, ஆனா தட்டு நடுங்கும். தட்டு நடுங்கினா லொறி வந்திட்டுது எண்டு அர்த்தம்."

அவருடைய மகள் என்னை அழைத்துப் போனாள். அங்கேயே பிறந்தவள், தாதிப் பயிற்சியில் இருக்கிறாள். வருடா வருடம் தோழிகளோடு போகிறவள் இந்த முறை என்னையும் கட்டி இழுக்க ஒப்புக்கொண்டாள். அன்று பெல்வூவுக்கு டிராம் ஓடாது என்பதால் ரயில் நிலையத்திலிருந்து நடந்தோம். வழியில் ஒருவர் நீட்டிய சிறு பொட்டலத்தை வாங்கி என் கையில் வைத்தாள். உள்ளே பஞ்சு போன்ற இரண்டு காதடைப்பான்கள்.

"முதல்ல இதைப் போடுங்கோ அங்கிள். பிறகு பாட்டைப் பற்றிக் கதைப்பம்."

காதடைப்பான் கொடுப்பது தர்மம் அல்ல, சட்டம். சுவிட்சர்லாந்தில் ஒரு நிகழ்ச்சியின் ஒலி 93 டெசிபலைத் தாண்டினால் பார்வையாளர்களுக்குக் காதடைப்பானை இலவசமாகத் தர வேண்டும். ஒரு மணி நேரச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது. நம் ஊர்த் திருவிழாக்களில் கூம்பு ஒலிபெருக்கிக்குக் கீழேயே படுத்துத் தூங்கிப் பழகிய எனக்கு இந்த அக்கறை கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது. பாலத்தை நெருங்கும் வரை.

முதலில் வந்தது பாட்டு அல்ல, அதிர்வு. தாழ்ந்த சுருதி ஒலிகளின் அலைநீளம் சில மீட்டர்கள் இருக்கும். அவை மனிதர்களையும் கட்டிடங்களையும் சுற்றி வளைத்து வந்துவிடும். உயர்ந்த சுருதிகளைக் கூட்டமே விழுங்கிவிடும். அதனால் லாரி கண்ணில் படுவதற்கு வெகு முன்பே அதன் கிக் டிரம் நெஞ்செலும்பைத் தட்டுகிறது. லாரி நெருங்க நெருங்க, அந்தத் தட்டலின் மேல் ஒவ்வோர் ஒலியாக வந்து உட்காருகிறது. சிணுங்கும் ஹை-ஹாட், பிறகு சுருண்டு சுருண்டு வரும் ஒரு சிந்தசைஸர் வரி. இரண்டு லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் இரண்டு தாளங்களும் ஒன்றின் காலை ஒன்று மிதிக்கும். ஆடுபவர்கள் அப்போது நின்று, எந்த லாரியோடு போவது என்று முடிவெடுத்துவிட்டுத் தொடர்கிறார்கள்.

இந்த லாரிகளை 'லவ் மொபைல்' என்கிறார்கள். மேலே ஏறி ஆடக் கட்டணம் உண்டு. கீழே நடந்து ஆட இல்லை. சக்கரங்களுக்குப் பக்கத்தில் காவலர்கள் கூடவே நடக்கிறார்கள், யாரும் உள்ளே சரிந்துவிடாதபடி. ஒவ்வொரு லாரிக்கும் ஒரு பாணி. ஹவுஸ் என்றால் நிமிடத்துக்கு 120-லிருந்து 130 அடி. டெக்னோ அதைவிட முறுக்கு. டிரம் அண்ட் பேஸ் 170-ஐத் தாண்டும். பல்லவி, சரணம் என்று எதிர்பார்த்து நின்றால் ஏமாற்றம்தான். இங்கே நடப்பது கூட்டலும் கழித்தலும். டீஜே ஒரு கட்டத்தில் அடித்தளத்து பேஸை முழுதாக உருவிவிடுகிறார். கூட்டம் கால் தரிக்காமல் மிதக்கிறது, கைகள் உயர்கின்றன. பேஸ் திரும்பி விழும் நொடியில் பாலம் முழுவதும் ஒரே குரலாகக் கத்துகிறது. மெட்டுக்காகக் காத்திருப்பதை விட்டபிறகுதான் எனக்கு இது பிடிபட்டது.

ஒரு லாரி 'கோவா டிரான்ஸ்' வாசித்துக்கொண்டு போனது. ஆம், நம் கோவாதான். 1980-களின் பிற்பகுதியில் அஞ்சுனா கடற்கரை இரவுகளில் வெளிநாட்டுப் பயணிகளிடையே உருவான பாணி. மின்னணு நடன இசையில் இந்தியாவுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், 1982-ல் ரோலண்ட் 808 தாள இயந்திரத்தையும் 303 பேஸ் இயந்திரத்தையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்து ஒரு தட்டு வெளியிட்டார். அன்று அதை யாரும் சீண்டவில்லை. 2010-ல் மறுபதிப்பாக வந்தபோதுதான் உலகம் வியந்தது. இதைச் சொன்னதும் மகள் உடனே போனில் தேடி, காதடைப்பானைக் கழற்றிவிட்டுக் கேட்கப் பார்த்தாள். அந்த இரைச்சலில் எங்கே கேட்கிறது!

பெல்வூவுக்கு அருகில் ஓபரா மாளிகை. அதன் படியோரம் சற்று நின்றேன். இந்த ஊர் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1980 மே 30 அன்று இதே வாசலில் இளைஞர்கள் கூடினார்கள். ஓபராவைப் புதுப்பிக்க நகரம் சுமார் ஆறு கோடி பிராங்க் ஒதுக்கத் திட்டமிட்டிருந்தது. எங்களுக்கென ஓர் இளைஞர் மையம் கேட்டால் காசு இல்லை என்கிறீர்களே என்பது அவர்கள் வாதம். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. அன்றிரவு ஊரின் வேறொரு மூலையில் பாப் மார்லியின் கச்சேரி. அது முடிந்து வந்தவர்களும் கலவரத்தில் கலந்தார்கள். கொந்தளிப்பு அடங்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின.

1990-களிலும் சூரிச்சின் பெரும்பாலான மதுக்கூடங்கள் நள்ளிரவில் மூடியாக வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் தளர்ந்தது 1998-ல்தான். அதுவரை இளைஞர்கள் நிலவறைகளிலும் கைவிடப்பட்ட ஆலைகளிலும் அனுமதி இல்லாமல் விடிய விடிய ஆடினார்கள். டெக்னோ இங்கே வளர்ந்தது அந்த இருட்டில்தான்.

மாரெக் கிரின்ஸ்கி என்ற கணித மாணவர் பெர்லினின் 'லவ் பரேட்' ஊர்வலத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அதைப் போல ஒன்றை 1992-ல் சூரிச்சில் நடத்தினார். வந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். அன்பு, அமைதி, சுதந்திரம், சகிப்புத்தன்மை ஆகியவற்றுக்கான ஆர்ப்பாட்டம் என்று அனுமதி வாங்கினார்கள். சாலையில் இறங்க ஆர்ப்பாட்டம் என்பதுதான் வழி. 1994-ல் நகர நிர்வாகம் இரைச்சல், குப்பை என்று காரணம் காட்டித் தடை போட்டது. பத்திரிகைகளும் பொதுமக்களும் எதிர்க்கவே தடை விலகியது. தடையே பெரிய விளம்பரமாகி, பிறகு கூட்டம் லட்சங்களில் வந்தது. இன்றைக்கு சுவிஸ் அரசின் 'வாழும் மரபுகள்' பட்டியலில், யோடல் பாட்டு இருக்கும் அதே பட்டியலில், சூரிச்சின் டெக்னோ பண்பாடும் இருக்கிறது.

இலவசம் என்றால் செலவில்லை என்று பொருளல்ல. வேறு யாரோ கொடுக்கிறார்கள். அது யார் என்ற கேள்விக்குச் சரியான பதில் இல்லாத விழா நிலைக்காது. பெர்லினே சாட்சி. 1989-ல் 150 பேரோடு தொடங்கிய லவ் பரேடும் ஆர்ப்பாட்டமாகப் பதிவானதுதான். குப்பை அள்ளுவது அரசின் பொறுப்பாக இருந்தது. 2001-ல் ஜெர்மானிய அரசமைப்பு நீதிமன்றம் இது கேளிக்கைதான், அரசியல் கூட்டமல்ல என்று சொல்லிவிட்டது. செலவு அமைப்பாளர்கள் தலையில் விழுந்தது. 2004, 2005 இரு ஆண்டுகளும் விழா நடக்கவில்லை. பிறகு பெர்லினை விட்டே போனது. 2010-ல் டூயிஸ்பர்க் நகரில், வேலி அடைத்த பழைய சரக்கு ரயில் நிலைய வளாகத்தில் நடத்தினார்கள். சுரங்கப்பாதை வழியாக ஒரே சரிவில் ஏறி இறங்க வேண்டிய அமைப்பு. நெரிசலில் 21 பேர் இறந்தார்கள். லவ் பரேடின் கதை அங்கே முடிந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு சூரிச்சைப் பார்த்தால் அதன் ஏற்பாடு விளங்கும். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் நகரத்துக்குள் பிரியும் தெருக்கள். நெருக்கம் அதிகமானால் எந்தச் சந்திலும் ஒதுங்கலாம். நாங்களும் அப்படி ஒரு சந்தில் ஒதுங்கினோம். அங்கே கல் நீரூற்றில் மக்கள் பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். சூரிச்சில் 1,200-க்கு மேற்பட்ட நீரூற்றுகள் இருக்கின்றன, ஏறக்குறைய எல்லாமே குடிநீர். வழியெங்கும் முதலுதவிக் கூடங்கள், ஏரியில் மீட்புப் படகுகள்.

இன்னொரு கூடாரம் என்னைத் திகைக்க வைத்தது. கையிலிருக்கும் போதை மாத்திரையை அங்கே கொடுத்தால் பெயர் கேட்காமல் பரிசோதித்து, அதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்வார்கள், கூடவே ஆலோசனையும். நடத்துவது நகர நிர்வாகம். "போலீஸ் பிடிக்காதா?" என்று கேட்டேன்.

"மாத்திரை விக்கிறவனைப் பிடிப்பினம். இங்கை வாறவங்களைப் பயமுறுத்தினா அவங்கள் வரமாட்டாங்கள். பிறகு எங்கடை வார்டுக்குத்தான் வருவாங்கள்" என்றாள் பயிற்சித் தாதி.

பழைய காயம் ஒன்று இதற்குப் பின்னால் இருக்கிறது. ரயில் நிலையத்தை ஒட்டிய பிளாட்ஸ்பிட்ஸ் பூங்கா ஒரு காலத்தில் ஹெராயின் ஊசிகளின் திறந்தவெளிச் சந்தை. 1992 பிப்ரவரியில் அதை மூடினார்கள். துரத்தினால் மட்டும் தீராது என்று அப்போது கற்றுக்கொண்ட நகரம், தண்டனையோடு சிகிச்சையையும் தீங்கு குறைப்பையும் சேர்த்துக்கொண்டது. ஸ்ட்ரீட் பரேட் பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

செலவுக் கணக்குக்கு வருவோம். விழாவை நடத்துவது இலாப நோக்கில்லாத ஒரு சங்கம். லாரிகளின் கட்டணம், விளம்பரதாரர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக வழியெங்கும் உள்ள சங்கத்தின் பானக் கடைகள்: இவைதான் வரவு. சூப்பர் மார்க்கெட்டில் மலிவாகப் பீர் வாங்கிப் பையில் போட்டு வருபவர்கள் அதில் கை வைக்கிறார்கள் என்பது சங்கத்தின் நெடுநாள் கவலை. ஆடும் கூட்டத்தில் பாதிப் பேர் கையில் பார்த்தது அந்த சூப்பர் மார்க்கெட் டப்பாக்களைத்தான்.

குப்பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாலையில் கால் வைக்கும் இடமெல்லாம் டப்பாவும் கண்ணாடிச் சில்லும். இதுவா சுத்தமான நாடு என்று முகம் சுளிக்கத் தோன்றும். இரவு மூன்று மணிக்குத் தூக்கம் வராமல் திரும்பி நடந்தபோது தண்ணீர் பீய்ச்சும் வண்டிகளும் துடைப்ப வண்டிகளும் வரிசையாக வேலையில் இருந்தன. ஞாயிறு காலை அதே சாலையில் டிராம் ஓடியது, அன்னங்களைத் தாத்தா பாட்டிகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஜிகினா மட்டும் கல்லிடுக்குகளில் மிச்சம்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமையா என்று அந்த ஆண்டுத் தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சூரிச்சில் அன்றைக்கு அறை விலை விண்ணைத் தொடும். வின்டர்டூரிலோ பாடனிலோ தங்கினால் அரை மணி நேரத்தில் ரயிலில் வந்துவிடலாம், இரவிலும் ரயில் உண்டு. செருப்பு வேண்டாம், மூடிய காலணி போடுங்கள். குழந்தைகளைக் கூட்டிப் போவதென்றால் கரையோரத்தைத் தவிர்த்து, மதியமே பார்த்துவிட்டுத் திரும்புங்கள். தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள், நீரூற்று இருக்கிறது. ஆனால் ஒரு கிளாஸ் பழச்சாறோ பீரோ விழாக் கடையில் வாங்குங்கள். விலை அதிகம்தான். நுழைவுச் சீட்டு இல்லாத விழாவுக்கு நீங்கள் கொடுக்கும் சீட்டுக் காசு அது.

(பயணம் தொடரும்)