தறியும் கணிப்பொறியும்

தறி நின்றால் நெசவாளர் தறியை நொந்துகொள்வதில்லை. எந்த இழை அறுந்தது என்று பாவில் தேடுவார். ஆரணியை அடுத்த சேவூரில் வாழும் எமக்குப் பட்டுத் தறிகள் கற்பித்த இப்பாடம், அண்மையில் கணிப்பொறிக்கும் பயன்பட்டது.

சேலைக் கரைக்கும் முந்திக்கும் எம் இல்லத்தில் டிசைன் வரைவது கணிப்பொறியில்தான். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றதால் விண்டோஸ் 11க்கு மாறினோம். அதன்பின் ஒரு கோப்பைத் திறக்கவே நெடுநேரம் பிடித்தது. டிசைன் முடிந்தால்தான் ஜக்கார்டு அட்டை குத்த இயலும். அட்டை வந்தால்தான் தறி ஓடும். தறி ஓடினால்தான் கூலி. திருமணச் சேலைக்கோ நாள் குறித்தாயிற்று. புதிய கணிப்பொறி வாங்கிவிடலாம் என்றனர் சிலர்.

யாம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தோம். செயலிக்கு வேலை குறைவு. வன்தட்டோ 100 விழுக்காடு திணறியது. மாற்றத்திற்குப்பின் கோப்புகளை அட்டவணைப்படுத்தும் பணி சிறிது காலம் பின்னணியில் நடப்பதுண்டு. இரண்டு நாள் பொறுத்தோம், குறையவில்லை. தொடக்கத்தில் தாமே இயங்கும் வேண்டாத மென்பொருள்களை நிறுத்தினோம், சற்றே தெளிந்தது. நினைவகம் 4 ஜி.பி. மட்டுமே. அதில் அடங்காததைக் கணிப்பொறி வன்தட்டில் இறக்கி ஏற்றும். சுழலும் தட்டு அவ்வேகத்திற்கு ஈடுகொடுக்கவில்லை.

டிசைன்களைப் படியெடுத்துக்கொண்டு, நினைவகத்தை 8 ஜி.பி. ஆக்கி, எஸ்.எஸ்.டி. பொருத்தினோம். அட்டை உரிய நாளில் தறியேறியது.

விண்டோஸ் 11 கோரும் குறைந்த அளவு 4 ஜி.பி.யே. குறைந்த தகுதி என்பது உள்ளே நுழைவதற்கான வாயில். நின்று உழைப்பதற்கு வேண்டிய வலிமை அன்று. கல்வி முடித்து வெளியேறும் மாணவரும் இதனை எண்ணுவாராக!