தவிட்டுப் பிள்ளை

'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்று பாட்டி சீண்டுவாள். நெல் அரைக்கும் தஞ்சாவூர்ச் சீமையல்லவா? நம்பி அழுதிருக்கிறேன்.

2007-இல் வந்த அமெரிக்க நகைச்சுவைப் படம் 'ஜூனோ'வைப் போன வாரம் பார்த்தேன். 16 வயசுப் பெண் கர்ப்பமாகிறாள். குழந்தையைத் தத்துக் கொடுக்கத் தம்பதியைத் தானே தேடுகிறாள். பிரசவ அறையில் மாற்றாந்தாய் பக்கத்திலேயே நிற்கிறாள். சட்டென்று என் சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் தெருவிலும் அந்த வயசில் ஒருத்தி. அத்தை வீட்டில் ஆறு மாசம் இருந்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை, நானுந்தான்.

1787-இல் துளஜா மன்னர் சரபோஜியைத் தத்தெடுத்தது செல்லுமா என்று 1798 வரை இழுபறி நடந்த சீமை இது. பிள்ளை யாருக்கு என்பதில் அத்தனை அக்கறை!

தவிட்டுக்கு வாங்கினாலும் கொடுத்தவள் கையில் ஒரு பிடி தவிடாவது விழும். எங்கள் தெருப் பெண்ணுக்கு ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை.