பித்தப்பையும் பிறர் நோவும்

பித்தம் என்றவுடன் கசப்பே நினைவுக்கு வரும். ஆயினும் தோபித்து நூலில் வானதூதர் இரபேல் மீனின் பித்தத்தையே மருந்தாகக் காட்டுகிறார். மகன் அதைத் தந்தையின் கண்களில் இட, இழந்த பார்வை திரும்புகிறது. கசப்பானதும் வேளையறிந்து வழங்கப்பட்டால் நலம் தரும். நம் உடலின் அமைப்பும் இதற்குச் சான்று.

கல்லீரல் சுரக்கும் பித்தநீரை அதன் அடியிலுள்ள பித்தப்பை சேர்த்துச் செறிவாக்கி வைக்கிறது. அது கொள்வது ஏறத்தாழ 30 முதல் 50 மில்லி லிட்டர் வரைதான். கொழுப்புள்ள உணவு சிறுகுடலை எட்டியதும், கொலிசிஸ்டோகைனின் என்னும் இயக்குநீர் சுரந்து அப்பையைச் சுருங்கச் செய்கிறது. பித்தநீர் குடலில் பாய்ந்து, கொழுப்பு செரிக்கத் துணைபுரிகிறது.

எங்கள் பெரியம்மா பல மாதங்களாகச் செரியாமையால் வருந்தி வந்தார். சிறிதளவு உண்டாலும் வயிறு கனக்கும், மேல்வயிற்றில் வலியெடுக்கும். முதல் ஸ்கேனில் கற்கள் எவையும் தென்படவில்லை. பை சரிவரச் சுருங்குகிறதா என்றறிய மற்றொரு சோதனை தேவைப்பட்டது. இரவு முழுதும் உண்ணாதிருந்தவரின் பித்தப்பையைக் கேளா ஒலி அலைகளால் படம்பிடித்து, நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்தனர். அவற்றின் பெருக்குத்தொகையை 0.52 ஆல் பெருக்கினால் கொள்ளளவு ஏறத்தாழக் கிடைத்துவிடும். பின்னர் கொழுப்புள்ள உணவு கொடுத்து, ஒரு மணி நேரம் வரை இடைவெளிவிட்டு அளந்தனர். இருந்ததில் எத்தனை விழுக்காடு வெளியேறியது என்பதே விடை. இதில் ஊசியில்லை, கதிர்வீச்சில்லை.

பாதிக்கு மேல் வெளியேறியிருந்தது. “பித்தப்பை நன்றாக இயங்குகிறது; அதை அகற்றத் தேவையில்லை” என்றார் மருத்துவர். அறுவைக்கு அஞ்சியிருந்த நாங்கள் மகிழ்ந்தோம். பெரியம்மாவோ, “அப்படியானால் என் வலி பொய்யா, ஐயா?” என்று கேட்டார்.

“இல்லை அம்மா, வலி உண்மைதான்” என்றார் அவர். உணவுக்கேற்ப இரைப்பை விரிந்துகொடுக்காவிட்டாலும், அதன் நரம்புகள் மிகையாக உணர்ந்தாலும் இத்தகைய நோவு வரும். அது படத்தில் தெரியாது என்று விளக்கினார். விழுக்காடு குறைந்திருந்தாலும் அதை மட்டும் கொண்டு அறுவையை முடிவுசெய்வதில்லை; நோயாளி சொல்லும் வலியின் தன்மையையும் கேட்டறிய வேண்டும் என்றார்.

பை இயங்குகிறதா என்ற கேள்விக்கே அக்கருவி விடையளித்தது. பெரியம்மா துன்புறுகிறாரா என்று சொல்வது அதன் வேலையன்று. ஆனால் நம் இல்லங்களில், “ஸ்கேனில் ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை” என்று எத்தனை முதியோரின் வாயை அடைத்துவிடுகிறோம்! அவர்களும் வலியைச் சொல்லாமல், உண்பதை மட்டும் குறைத்துக்கொள்கிறார்கள்.

இரபேல் மருந்தைச் சொன்னதோடு விலகிவிடவில்லை. தோபியாவுடன் வீடு திரும்பும்வரை வழிநடந்தார். பித்தப்பையின் நலத்தை, அது எவ்வளவு சேர்த்தது என்று பார்த்து அளப்பதில்லை. உரிய வேளையில் எவ்வளவு வழங்கியது என்றே அளக்கிறார்கள். நோயுற்றோர்க்கு நாம் வழங்கவேண்டிய நேரத்தையும் செவியையும் ஆண்டவர் அவ்வாறே அளக்கக்கூடும்.