ஒற்றை விரல்

தந்தி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டாராம் அமெரிக்க பேஸ் கிடார்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன். பேஸ் கிடார் தந்தி லேசில் அறுகிற சமாசாரம் இல்லை. ஆகவே வருஷக்கணக்கில் அதே தந்தி, அதே பிசுக்கு. அந்த அழுக்கில்தான் நாதமே இருக்கிறது என்பது அவர் கட்சி. எதையும் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்குகிறவர்களோடு எனக்கும் ஒத்துப்போனதில்லை. அதனால் மனிதர்மேல் தனிப் பிரியம். 1983-இல், அவர் இறப்பதற்குச் சற்று முன்னால், அந்தக் கிடாரை யாரோ திருடிவிட்டார்கள். எடுத்தவன் முதல் வேலையாகப் புதுத் தந்தி மாட்டியிருப்பான் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

அவர் வாசித்தது மோடவுன் இசைத்தட்டுக் கம்பெனிக்கு. டெட்ராய்ட்டில் அது ஒரு வீட்டையே ஸ்டூடியோவாக்கி வைத்திருந்தது. ஒலிப்பதிவு நடந்த அறைக்கு வாத்தியக்காரர்கள் வைத்த பெயர் பாம்புக்குழி. கூரையிலிருந்து அத்தனை ஒயர் தொங்குமாம். 1960-களில் அங்கிருந்து கிளம்பி உலகத்தையே ஆடவைத்த பாட்டுகளில் முக்கால்வாசிக்கு அடியில் ஜேமர்சனின் வலக்கை ஆட்காட்டி விரல் ஓடுகிறது. ஒரே விரல்தான். மற்றவர்கள் இரண்டு விரலை மாற்றி மாற்றிப் போடுவார்கள். இவர் ஆளுயர டபுள் பேஸில் பழகிவிட்டு வந்தவர். கூட வாசித்தவர்கள் அந்த விரலுக்குக் ‘கொக்கி’ என்று பட்டமே கொடுத்துவிட்டார்கள்.

மோடவுனின் ஃபோர் டாப்ஸ் குழு பாடிய ‘பெர்னடெட்’ (1967) கிடைத்தால் கேளுங்கள். மேலே லீவை ஸ்டப்ஸ் தொண்டை கிழியக் கெஞ்சுகிறார். கீழே பேஸ் அதைச் சட்டை செய்யாமல் தன் பாட்டுக்குத் தாண்டிக் குதித்து, சந்துபொந்தெல்லாம் நுழைந்து, ஆனால் தாளம் விழும் இடத்துக்கு டாணென்று வந்து நிற்கிறது. முடியப்போகும் நேரத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும். பாட்டு அவ்வளவுதான் என்று எழப்போவீர்கள். ‘பெர்னடெட்!’ என்று ஒரு கூப்பாடு. மறுபடி கொக்கி கிளம்பிவிடும்.

இதெல்லாம் யார் கைவண்ணம் என்று கம்பெனி இசைத்தட்டு உறையில் போட்டதில்லை. 1971-இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ இசைத்தட்டு வந்தபோதுதான் வாத்தியக்காரர்கள் பெயர் அச்சேறியது. ஜேமர்சனுக்கு ‘நிகரற்ற’ என்று அடைமொழி வேறு. மறுவருஷமே கம்பெனி லாஸ் ஏஞ்சலிஸுக்கு மூட்டை கட்டியது. 1983-இல் பசடேனாவில் மோடவுனின் இருபத்தைந்தாவது ஆண்டு விழா நடந்தபோது, ஜேமர்சன் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார் என்பார்கள்.

அமெரிக்காக்காரனை மட்டும் குறை சொல்வானேன். நம் வானொலியில் கச்சேரி வைத்தால் வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்று ஒருவர் விடாமல் சொல்வார்கள். அதே வானொலியில் சினிமாப் பாட்டு என்றால் படம், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர், அதோடு சரி. சரணத்துக்கு முன்னால் மனசைப் பிழிந்துவிட்டுப் போன அந்தப் புல்லாங்குழல் யாரென்று கேட்க நாதி இல்லை. நான் கேட்பேன், ரேடியோவைப் பார்த்து, உரக்கவே. “உங்களுக்குப் பாட்டுக் கேட்கத் தெரியலை, ஆஜர்தான் எடுக்கத் தெரியுது” என்கிறாள் வீட்டுக்காரி.