குற்றம் கண்டுபிடிக்கும் உத்தியோகம்

"உனக்கு ஆபீஸில் என்னதான் வேலை?" என்று கல்யாணமான புதிதில் என் மாமியார் கேட்டார்.

"மற்றவர்கள் எழுதும் கம்ப்யூட்டர் புரோகிராமில் குற்றம் கண்டுபிடிக்கிற வேலை, அம்மா" என்றேன்.

"இதற்குச் சம்பளம் வேறா? முப்பது வருஷமாக இந்த வீட்டில் நான் சும்மாத்தானே செய்துகொண்டிருக்கிறேன்!" என்றாரே பார்க்கலாம்!

சகோதரிகளே, சிரிக்காதீர்கள். மாமியார் விளையாட்டாகச் சொன்னதுதான் என் உத்தியோகத்தின் சங்கடமே. சமையல் முடிந்து இலை போட்ட பிறகு வந்து, "உப்புக் கரிக்கிறது" என்பவரை யாருக்குத்தான் பிடிக்கும்?

அப்போதெல்லாம் ஒரு கோஷ்டி, வாடிக்கைக்காரருக்கு என்ன தேவை என்று எழுதும். அடுத்தது திட்டம் போடும். மூன்றாவது புரோகிராம் எழுதும். எல்லாம் முடிந்து, கடைசியில்தான் டெஸ்டிங் என்று எங்களிடம் வரும். முன்னால் இருப்பவர்கள் தாமதித்த நாட்களெல்லாம் எங்கள் கணக்கில்தான் கழியும். ஒரு மாதம் என்றது ஒரு வாரமாகிவிடும்.

ஒரு தடவை நடந்ததைக் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் பணம் கோரி விண்ணப்பிப்பதற்கான புரோகிராம். பெயருக்கு ஒரு கட்டம். குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். இரண்டாவதை நிரப்பாவிட்டால் மேலே நகராது. நமக்கெல்லாம் இனிஷியல்தானே உண்டு? குடும்பப் பெயருக்கு எங்கே போவது? வெளியீட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் இதைக் கண்டுபிடித்தேன். எழுதிய இளைஞருக்கு முகம் சிவந்துவிட்டது. "இதை இப்போதா சொல்வது?" என்றார்.

ஒரு கட்டத்தை எடுத்தால் போயிற்று என்று நினைக்கிறீர்களா? விவரங்களைச் சேமிக்கும் இடம், கடிதம் அச்சிடும் இடம், பாங்கிக்குச் செய்தி அனுப்பும் இடம் எல்லாமே அந்தக் கட்டத்தை நம்பி இருந்தன. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அப்படியே வெளியிட்டார்கள்.

ஜனங்கள் என்ன செய்வார்கள்? சிலர் தம் பெயரையே இரண்டு தடவை அடித்தார்கள். சிலர் ஒரு புள்ளி வைத்தார்கள். பாங்கிக் கணக்கிலுள்ள பெயரோடு ஒத்துப்போகவில்லை. கணவரை இழந்த ஓர் அம்மாளுக்குப் பணம் மூன்று வாரம் தாமதமாயிற்று. அவர் டெலிபோனில் அழுததை நானும் கேட்டேன். குற்றத்தைக் கண்டுபிடித்தவள் நான்தான். யாருக்கு என்ன பிரயோசனம்?

2001 பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாகாணத்து ஸ்னோபேர்டில் 17 நிபுணர்கள் கூடி 'அஜைல்' என்ற கொள்கையை அறிவித்தார்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கடைசியில் கொடுக்காமல், சில வாரங்களுக்கு ஒரு முறை, ஓடுகிற புரோகிராமாகக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கொடுங்கள் என்பது அதன் சாரம். பின்னால் எங்கள் ஆபீஸும் அதற்கு மாறியது. வேடிக்கையைப் பாருங்கள், இரண்டு வாரத் தவணையிலும் டெஸ்டிங் கடைசி இரண்டு நாள்தான்! பெரிய மாமியார் சின்ன மாமியாரானாள், அவ்வளவே.

அதற்கப்புறம்தான் புத்தி வந்தது. எங்கள் தனி அறையை எடுத்துவிட்டு, எழுதுகிறவர் பக்கத்திலேயே எனக்கும் நாற்காலி போட்டார்கள். ஒரு வரி எழுதுமுன் மூன்று பேர் உட்காருகிறோம்: தேவையைச் சொல்பவர், எழுதுபவர், நான். "இனிஷியல் மட்டும் உள்ளவர் வந்தால்?" என்று நான் கேட்கிறேன். அந்தக் கேள்விகளே சோதனைகளாகின்றன. கென்ட் பெக் என்ற அமெரிக்கர் பரப்பிய முறைப்படி, எழுதுபவர் முதலில் சோதனையை எழுதி, அது தோற்பதைப் பார்த்துவிட்டு, பிறகே அது ஜெயிக்கும்படி புரோகிராமை எழுதுகிறார். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கம்ப்யூட்டரே அந்தச் சோதனைகளை ஓட்டிவிடுகிறது. சோதிக்காத வேலையை "முடிந்தது" என்று யாரும் சொல்லக்கூடாது.

அப்படியானால் எனக்கு வேலை போயிற்றா? அதுதான் இல்லை! கம்ப்யூட்டர், சொல்லிக்கொடுத்த கேள்வியைத்தான் கேட்கும். யாருக்கும் தோன்றாத கேள்வியை மனுஷர்தான் கேட்க வேண்டும். அன்று முகம் சிவந்த இளைஞர் இன்று தாமே வந்து, "இதில் என்ன தப்பு வரலாம், மேடம்?" என்கிறார்.

போன வாரம் குழம்புக்குப் புளி கரைக்கும்போதே, "அம்மா, இது போதுமா, பாருங்கள்" என்று மாமியாரைக் கூப்பிட்டேன். "இன்னும் கொஞ்சம் விடு" என்றார். சாப்பிடும்போது ஒரு குறையும் சொல்லவில்லை. என் கணவருக்கு ஒரே ஆச்சரியம். "ஏனம்மா, குழம்பு எப்படி?" என்று கேட்டார்.

"எப்படியடா குற்றம் சொல்வது? இதில் என் கையும் இருக்கிறதே!" என்றார் மாமியார்.