ஆதி என்ற சொல்

கண்டி வீதியில் தம்பலகாமம் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். மாசி மாதம், பெரும்போக அறுவடை. மெஷின் வெட்டிப்போன வயல்களில் கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்தன. "கோணேசர் கோயிலுக்கு" என்றேன் ஆட்டோக்காரரிடம்.

"அது திருகோணமலையில. இஞ்சை இருக்கிறது ஆதி கோணேசர்" என்று திருத்தினார்.

வழியெல்லாம் அந்த 'ஆதி' என்னைக் குடைந்தது. திருகோணமலைச் சுவாமிமலைக் கோயில்தானே மூத்தது? அதை 1622இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அந்தக் கற்களும் சேர்ந்தே கோட்டை எழுந்தது. இன்றைக்கும் அந்தக் கோட்டை வாசலுக்குள் நுழைந்துதான் கோணேசரைப் பார்க்கப் போகவேண்டும். அடியார்கள் சில திருவுருவங்களை மண்ணில் புதைத்தார்கள். 1950இல் கிணறு வெட்டியபோது சில வெளிப்பட்டன. உள்நாட்டுக்குத் தூக்கி வந்தவற்றுக்கு இந்த வயற்கரையில் கோயில் எழுந்தது. கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் காலம் என்பது ஊர் மரபு. ஆக, கட்டடம் பிந்தியது, உள்ளே இருப்பவர் முந்தியவர். இடம்பெயர்ந்து வந்தவர் பழைய பெயரையும் கையோடு கொண்டுவந்துவிட்டார். இந்த மாவட்டத்துச் சனத்துக்கு இது விளங்காத சங்கதி அல்ல.

சட்டையைக் கழற்றிக் கையில் மடித்துக்கொண்டு உள்ளே போனேன். ஆதிகோணநாயகர், அம்பாள் ஹம்சகமனாம்பிகை, அன்னநடை நடப்பவள். சேற்று வயல் ஊரின் அம்பாளுக்கு இப்படியொரு பெயரா என்று சிரிப்பு வந்தது. தம்பலடிப்பது என்றால் மாடுகளை விட்டு வயலைச் சேறாக மிதிப்பிப்பது. ஊர்ப் பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள்.

மண்டபத்து மூலையில் ஒரு பெரியவர் புளி போட்டு விளக்குத் துலக்கிக்கொண்டிருந்தார். சம்பளம் எவ்வளவு என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"சம்பளமோ? இது எங்கட ஊழியம், தம்பி."

தானத்தார், வரிப்பத்தார் என்று வழிவழியாக வரும் தொழும்புமுறையைச் சொன்னார். குளக்கோட்டன் என்ற அரசன் வகுத்தது என்று கோணேசர் கல்வெட்டு என்ற நூல் பாடுகிறது. கந்தளாய்க் குளத்தையும் அவன் பேரில்தான் சொல்கிறார்கள். அந்தக் குளத்துத் தண்ணீர்தான் இந்த வயல்களுக்கு. அதே குளம் 1986 ஏப்ரல் 20 விடியற்புறம் உடைத்துக்கொண்டு, நூற்றுக்கு மேற்பட்டவர்களை அடித்துப்போனது. அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். "வெள்ளம்" என்றார். அதற்கு மேல் பேசாமல் விளக்கைத் தேய்த்தார்.

கொஞ்சம் பொறுத்து இன்னொன்று கேட்டேன். "1963இல் திருகோணமலையில் கும்பாபிஷேகம் ஆகிவிட்டதே, இவர் ஏன் திரும்பிப் போகவில்லை?"

"வந்து முந்நூறு வரியத்துக்கு மேல. காணி இருக்கு, சனம் இருக்கு. இனி ஆர் அனுப்புறது?"

உச்சிக்காலப் பூசைக்கு மணி அடித்தது. துலக்கிய விளக்குகளை அடுக்கிவிட்டுக் கை கழுவப் போனார். நடைக்கு நேரே, எனக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார் ஆட்டோக்காரர்.