3 ஆசனமும் 159 ஆசனமும்

அரசியல் பதிவு போட்டால் இன்பொக்ஸில் இரண்டு பேர் ஏசுவார்கள். ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது இன்னொருவர் "சேருக்கு ஏன் இந்த வேலை?" என்பார். பரவாயில்லை. கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள்.

2020 பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி எடுத்தது 3.84 வீத வாக்கு. ஆசனம் 3, அதிலும் ஒன்று தேசியப் பட்டியல். பதுளை மாவட்டத்தில் பூச்சியம். அந்த நாட்களில் மடுல்சீமைப் பக்கம் திசைகாட்டிக்கு வாக்குக் கேட்டு வந்தவர்கள் எனக்கு நினைவிருக்கிறார்கள். ஒரு முச்சக்கர வண்டி, நாலைந்து பேர், அதில் தமிழ் பேச ஒருவர். கடையில் பிளேன்டீ குடித்தார்கள், காசும் கொடுத்தார்கள். (காசு கொடுத்ததைப் பஜாரில் கொஞ்ச நாள் பேசிக்கொண்டார்கள். தேர்தல் காலத்தில் அது அபூர்வம்.)

2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில்கூடப் பதுளை மாவட்டத்தில் முன்னுக்கு வந்தவர் சஜித்தான். ஆனால் நவம்பர் 14 பொதுத் தேர்தலில் திசைகாட்டிக்கு நாடு முழுவதும் 159 ஆசனம், பதுளையின் 9இல் 6. அந்த ஆறு பேரில் இருவர் மலையகத் தமிழர்: கிட்ணன் செல்வராஜ், அம்பிகா சாமுவேல். மலையகத் தமிழ்ப் பெண்கள் மக்கள் வாக்கில் பாராளுமன்றம் போனதும் அதுதான் முதல் தடவை. இங்கே அம்பிகா, நுவரெலியாவில் கலைச்செல்வி.

அடுத்த வாரம் 11ஆம் ஆண்டு வகுப்பில் லயத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், அப்ப இது நம்ம கட்சியா, அவுங்க கட்சியா?"

அவளுடைய அந்த 'நம்ம'வுக்குள் நானும் இருந்தேனா தெரியாது. இந்தக் கேள்வி எனக்கும் உரியதுதான். பதுளை மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஐந்தாறு பேர். அதுவும் ஓரிடத்தில் இல்லை, பஜார் பஜாராகச் சிதறிக் கிடக்கிறோம். கிழக்கில் இருப்பவர்களுக்குத் தனிக் கட்சி ஒரு கணக்கு. எங்களுக்கு அந்தக் கணக்கே வராது. 2014 ஊவா மாகாண சபைத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரசும் மக்கள் காங்கிரசும் பகையை மறந்து ஒன்றாகப் பதுளையில் இறங்கிப் பார்த்தன. ஓர் ஆசனமும் வரவில்லை.

தனிக் கட்சிகள் வென்ற இடங்களில் என்ன நடந்தது என்பதையும் பார்த்தோம். 2020 ஒக்டோபரில் எங்கள் ஜனாஸாக்கள் எரிந்துகொண்டிருந்தன. அந்த மாதம்தான் 20ஆவது திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. சமூகத்தின் பெயரால் தெரிவான உறுப்பினர்கள் பலர் அதற்குக் கை உயர்த்தினார்கள். எதிர்த்து வாக்களித்தவர்களில் அந்த மூன்று பேரும் இருந்தார்கள். அன்றைக்குத்தான் என் மனம் திசைகாட்டிப் பக்கம் திரும்பியது. மறைக்க ஒன்றுமில்லை, 2024இல் என் தபால் வாக்கும் அங்கேதான் போனது.

இருந்தாலும் பிள்ளைக்கு "நம்ம கட்சிதான்" என்று சொல்ல வாய் வரவில்லை. சரித்திரம் படிப்பிக்கிறவனுக்கு அது ஒரு தொல்லை. பதுளை இந்தக் கதையை முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறது.

1935இல் தொடங்கிய லங்கா சமசமாஜக் கட்சி அந்தக் காலத்தின் சின்னக் கட்சி. சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று எல்லோரும் இருந்தார்கள். 1940இல் ஊவாத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியபோது கூட நின்றவர்கள் அவர்கள்தான். பதுளைக்குப் பக்கத்தில் வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தங்களுக்குள் ஒரு சபையையே தெரிவு செய்து, துரை அந்தச் சபையோடு கலந்து பேசியே நடக்க வேண்டும் என்ற நிலைமையை உண்டாக்கினார்கள். இன்றைக்கும் தலைவர் வந்தால்தான் துரையோடு பேச்சு என்றிருக்கும் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள்.

1947 பொதுத் தேர்தலில் பதுளை இரட்டை அங்கத்தவர் தொகுதி. ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. தெரிவானவர்கள், சமசமாஜக் கட்சியின் ஜாக் கொத்தலாவலவும் இலங்கை இந்தியக் காங்கிரசின் எஸ்.எம். சுப்பையாவும். ஒரு சிங்கள இடதுசாரி, ஒரு தோட்டத் தமிழர். ஒரு வாக்கைத் தன் ஆளுக்கும் மற்றதை அயலானுக்கும் போட வழி இருந்தது. இன்றைய மூன்று விருப்பு வாக்கும் கிட்டத்தட்ட அதே வழிதான். சிங்கள வாக்காளர் தன் மூன்றில் ஒன்றைக் கொடுத்தால் தோட்டத்துப் பிள்ளைக்குப் பாரம் பாதி குறையும்.

கொழும்பில் இருந்தவர்களுக்கு இந்தச் சேர்க்கை பிடிக்கவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் வாக்குரிமையும் போனது. தோட்ட மக்களைப் பழிவாங்கினார்கள் என்றுதான் பொதுவாகச் சொல்வோம். தோட்டத்து வாக்கு இடதுசாரிகளுக்குப் போனதும் ஒரு காரணம். சமசமாஜிகள் அந்தச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தார்கள். 1956இலும் தமிழுக்குச் சம அந்தஸ்து கேட்டு நின்றார்கள். ஒரு மொழி என்றால் நாடு இரண்டாகும் என்று கொல்வின் ஆர். டி சில்வா எச்சரித்ததை என் வாப்பா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு ஆட்சி கைக்கெட்டியது. 1964 ஜூனில் சிறிமாவோ அரசாங்கத்தில் சேர்ந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மீதி 150,000 பேர் பற்றிப் பிறகு பேசலாம் என்று. மூட்டையை எண்ணுவதுபோல் மனிதரை எண்ணினார்கள். அமைச்சரவையில் சமசமாஜிகள் இருந்தார்கள். 1966 ஜனவரியில் தமிழ் மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிராகக் கொழும்பில் போன ஊர்வலத்திலும் இருந்தார்கள். 1972 அரசியலமைப்பு சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாகவும் பௌத்தத்துக்கு முதன்மை இடத்தையும் எழுதி வைத்தது. அதை வரைந்த அமைச்சர் யார்? அதே கொல்வின். 1977 தேர்தலில் அந்தக் கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை.

வாப்பாவுக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் கூட இருந்தது என்று நினைக்கிறேன். கட்சிக்காரர் வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி கொடுப்பார், அரசியல் பேச மாட்டார்.

தேசிய மக்கள் சக்தியின் முதுகெலும்பான ஜே.வி.பி. வந்த வழி இதைவிடக் கரடுமுரடானது. அறுபதுகளின் இறுதியில் தொடங்கிய ஐந்து வகுப்புகளில் ஒன்று 'இந்திய விஸ்தரிப்புவாதம்'. அதில் நம் தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவின் கையாட்களாகக் காட்டப்பட்டார்கள். வடக்கையும் கிழக்கையும் பிரித்த 2006 தீர்ப்புக்கு வழக்குப் போட்டவர்களும் அவர்களே. மாறியிருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன். கடையில் காசு கொடுத்துவிட்டுப் போன அந்த நாலைந்து பேரைப் பார்த்தவன் நான். ஆனால் அவர்கள் மாறியது ஆளில்லாத காலத்தில். 159 பேர் இருக்கும்போது யாருடைய வாக்கும் அவசரமாகத் தேவைப்படாது.

2024 நவம்பர் 18 அமைச்சரவையில் ஒரு முஸ்லிமும் இல்லை. தமிழர் இருவர் இருந்தார்கள். பிரதி சபாநாயகர் ரிஸ்வி சாலிஹ், பிரதி அமைச்சர் முனீர் முளப்பர் என்று பிறகு பெயர்கள் வந்தன, அதையும் சொல்லத்தான் வேண்டும். கேட்டபோது கிடைத்த பதில், நாங்கள் இனம் பார்ப்பதில்லை என்பது. என் வகுப்பிலும் இனம் பார்ப்பதில்லை. ஆனால் மொனிட்டர் தெரிவு செய்யும்போது பின்வரிசையில் யாருடைய பெயர் ஒருபோதும் வரவில்லை என்று பார்ப்பேன். பார்க்காவிட்டால் முன்வரிசைப் பிள்ளைகளே திரும்பத் திரும்ப வருவார்கள்.

பிள்ளைக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "மகள், கட்சி நம்மோடதா இல்லையா எண்டு எனக்குத் தெரியாது. நம்ம வாக்கு அவங்ககிட்ட இருக்கு. அதுக்குக் கணக்குக் கேக்கலாம்." முழுத் திருப்தி இல்லாமல்தான் உட்கார்ந்தாள்.

அந்தக் கணக்கில் ஒன்றை இங்கேயே எழுதிவைக்கிறேன். ஊவா மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டெம்பர் 20. ஜே.வி.பி.க்கு 34இல் 2 ஆசனம். 2019இல் சபையின் காலம் முடிந்தது, அதன்பின் ஆளுநர்தான். இரண்டு பேரை வைத்துக்கொண்டு அந்தச் சபையில் கேள்வி கேட்டவர்கள் இன்று நாட்டையே ஆள்கிறார்கள். மாகாண சபை எப்படி இயங்குகிறது என்று குடியியல் பாடத்தில் வரும்போது, தாங்கள் ஐந்தாறு வயதில் இருந்தபோது நடந்த ஒரு தேர்தலைப் பற்றித்தான் என் பிள்ளைகள் இன்னும் படிக்கிறார்கள்.